விஜயதசமி வண்டி

ஆயுத பூஜைக்கு முந்திய நாள் காலை ஒன்பது மணிக்கு, ஒரகடம் கூட்டுச்சாலையை அடுத்த காலி மனையில் தம் பேருந்தை நிறுத்திவிட்டு, கோதண்டம் அதன் முன்கண்ணாடியை ஈரச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் ஷிப்டுக்குரிய ஆட்களைத் தொழிற்சாலை வாசலில் இறக்கியாகிவிட்டது. இரண்டாம் ஷிப்டுக்கு ஏற்றுவதற்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. மழை வருவதுபோல் வானம் மூடிக்கொண்டு, ஒரு சொட்டும் விழாமல் உடம்பை மட்டும் வேகவைக்கும் ஐப்பசிக்கு முந்திய புழுக்கம். லாரிகள் கிளப்பிய செம்மண் புழுதி, துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் வந்து படிந்தது. துணியால் துடைத்தால் கோடு விழும், செய்தித்தாள்தான் சரி என்பது கோதண்டத்தின் முப்பதாண்டு அனுபவம். இடக்கையால் கண்ணாடியில் ஊன்றி, வலக்கையால் வட்டம் வட்டமாகத் துடைத்து, ஒவ்வொரு வட்டத்தின் முடிவிலும் தலையைச் சாய்த்து ஒருமுறை பார்ப்பார்.

லூர்துராஜ் தம் மொபெட்டை மரநிழலில் நிறுத்திவிட்டு வந்தார். மண்ணூர்க்காரர். உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் மேற்பார்வையாளர். ஐம்பத்து மூன்று வயதாகியும் மணம் செய்துகொள்ளாதவர். ஒவ்வோர் ஆண்டும் விஜயதசமியன்று கோதண்டத்தின் வண்டியை வாடகைக்கு அமர்த்தி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக் கடற்கரைக்கு ஆட்களை அழைத்துச் செல்பவர் அவரே. வாடகை வண்டியில் வெளியூர் போனால் பயணிகளின் பெயர்ப்பட்டியல் ஓட்டுநர் கையில் இருக்கவேண்டும். அதைக் கொடுக்கத்தான் வந்திருந்தார். ஆனால் கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை.

"அண்ணே, இருபத்திரெண்டாவது பேரப் பாத்துட்டுச் சொல்லு. வேணான்னா அடிச்சிடறேன்," என்றார்.

கோதண்டம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கோ. ஸ்ரீதர், வயது 27. அவருடைய ஒரே மகன்.

"அவனேதான் சொன்னான்ணே. நைனாக்கு இஷ்டமில்லன்னா நான் எப்பியும்போல ரயில்ல வந்துக்கறேன்னு."

"எப்பியும்போலன்னா?"

"ரெண்டு வருஷமா வந்துகினு கீறான். சிங்கப்பெருமாள்கோயில்ல ரயிலப் புடிச்சி செங்கல்பட்டு, அங்கேர்ந்து டவுன் பஸ்ஸு. ஒன் வண்டில மட்டும் ஏறமாட்டான்."

கோதண்டம் செய்தித்தாளை மறுபடியும் வாளியில் நனைத்துப் பிழிந்தார். முன்பே துடைத்த இடத்தையே துடைத்தார். லூர்துராஜ் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்.

"பேர அடிக்காத," என்றார் கோதண்டம், திரும்பிப் பாராமலே.

இந்தப் பயணம் தொடங்கிய காலத்தில் அவர் ஓட்டியது பன்னிரண்டு பேர் அமரும் வேன். முதன்முறை வந்தவர்கள் ஒன்பது பேர். வழியில் எங்கோ ஒரு காவலர் வண்டியை நிறுத்தியதும், தாம் ஏதோ சொல்லி அனுப்பிவைத்ததும் அவருக்கு மங்கலாக நினைவிருந்தன. காவலரிடம் வாய்க்கு வந்ததைச் சொல்வது ஓட்டுநர் தொழிலில் அன்றாடம் நிகழ்வது. அதை யார் மனத்தில் வைத்துக்கொள்வார்கள்? அன்று கடற்கரையில் வேனுக்குள்ளேயே படுத்து உறங்கி, மாலையில் விழித்துப் பார்த்தபோதுதான் அவர் திடுக்கிட்டார். ஒன்பது பேரும் தலையில் கிரீடமும் முகத்தில் அரிதாரமுமாக வண்டியைச் சுற்றி நின்றார்கள். சரி, கூத்துக் கட்டும் ஆர்வலர்கள் போலும் என்று எண்ணிக்கொண்டார். காஞ்சிபுரம் சீமையில் பிறந்தவருக்கு ஆண் பெண்வேஷம் கட்டுவது புதுமையன்று. திரௌபதி அம்மன் திருவிழாவில் பார்க்காததா? கூத்துக்காரர்கள் ஓய்வுநாளில் ஒத்திகை பார்க்கிறார்கள் என்ற அந்த எண்ணத்திலேயே மூன்று நான்கு ஆண்டுகள் ஓட்டினார்.

பிறகு மெள்ள மெள்ள, முதுகுக்குப் பின்னால் கேட்ட பேச்சுகளிலிருந்து விளங்கிற்று. ஆணை விரும்பும் ஆண்கள் அவர்கள். வெல்டர்கள், பெயின்ட் அடிப்பவர்கள், கிடங்குக் கணக்கர்கள். ஆண்டு முழுவதும் லைனில் வாய்திறவாமல் நின்றுவிட்டு, அந்த ஒருநாள் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பவர்கள். விளங்கியபோது வண்டியை நிறுத்திவிடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வண்டியில் வாந்தி எடுப்பதில்லை, சாராயம் இல்லை, பேசிய தொகை பேசியபடி. நல்ல சவாரி. கொரோனா இரண்டு ஆண்டுகளை விழுங்கியது போக, இது பத்தாவது பயணம்.

விளங்காதது ஒன்றே. வேஷம் எதற்கு? இங்கே சட்டைபோட்டுக்கொண்டு பேசுவதை அங்கே போய்ச் சட்டைபோட்டுக்கொண்டே பேசினால் ஆகாதா? கேட்க நா எழுந்தும் கேட்டதில்லை. மறுநாள் காலை வண்டியைப் பெருக்கும்போது இருக்கைகளுக்கு அடியில் கிடைக்கும் பொருள்களை மட்டும், யாராவது வந்து கேட்கக்கூடும் என்று, ஒரு துணிப்பையில் போட்டு ஓட்டுநர் இருக்கையின் கீழ் வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. வெள்ளித்தாள் ஒட்டிய முட்டை அட்டைத் துண்டு ஒன்று. கழித்துப்போட்ட வயர்களால் பின்னிய மயிற்பீலி ஒன்று. பொருள்கள் உடையாமல் சுற்றிவரும் குமிழித் தாளில் வெட்டிய இறக்கையின் நுனி. ஒற்றைச் சலங்கை. சென்ற ஆண்டு கிடைத்தது ஒரு நரைமீசை. கார்த் தரைவிரிப்பின் சாம்பல்நிற நாரைக் கத்தரித்துச் செய்தது. இராஜா வேஷத்துக்குக் கறுப்பு மீசையல்லவா வேண்டும், நரைமீசை யாருக்கு என்று அவர் அதைக் கையில் வைத்து நெடுநேரம் யோசித்ததுண்டு.

வல்லக்கோட்டையில் அவர் வீட்டில் ஆடி மாதத்திலிருந்து பேச்சுக் குறைந்திருந்தது. அவர் மனைவி கிளியம்மாள், பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் இருநூறு பேருக்குச் சமைப்பவள். வேலையிடத்தில் வாய் ஓயாமல் அதட்டிக்கொண்டிருப்பவள், வீட்டுக்கு வந்ததும் சோற்றைப் போடுவாள், குழம்பை ஊற்றுவாள், எழுந்து போய்விடுவாள்.

ஆடியில் நடந்தது இதுதான். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்தது. ஆவணியில் பேசி முடித்துவிடலாம் என்று கோதண்டம் சொன்னார். பிரேக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையிலிருந்த ஸ்ரீதர், சாப்பிட்ட தட்டைக் கையில் பிடித்தபடியே, தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, ஒருநாளும் இருந்ததில்லை, இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கமாட்டேன் என்று சொன்னான். குரலை உயர்த்தவில்லை. பலமுறை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்ததுபோல் சொன்னான். கோதண்டம் கையை ஓங்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"என் புள்ளன்னு வெளில எங்கியும் சொல்லிக்காத."

அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு பையுடன் புறப்பட்டுப் போனான். ஒரகடத்தில் நால்வர் தங்கும் அறை ஒன்றில் இருப்பதாகக் கேள்வி. தாய்க்கு வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவான். அவர் இருக்கும் நேரத்தில் பேசமாட்டான்.

பட்டியலில் பெயர் இருப்பதை அன்று மாலை கிளியம்மாளிடம் சொன்னார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கைமட்டும் நின்றது.

"ஊரான் வூட்டுப் புள்ளைங்கள வருஷா வருஷம் கடலுக்கு இட்டுகினு போயி, ஒருத்தன் கொறையாம கொண்டாந்து எறக்கி வுடற. அதுல ஒண்ணு நீ பெத்தது. அது எங்க படுக்குது, இன்னா துன்னுதுன்னு ஒனக்குத் தெரியாது. அவ்ளோதான்யா நான் சொல்லுவேன்."

அவள் கீரையை இன்னும் ஒரு கைப்பிடி சேர்த்து ஆய்ந்தாள். கேழ்வரகு மாவு டப்பாவை எடுத்து எவ்வளவு இருக்கிறதென்று பார்த்தாள். பிறகு, பயணத்துக்கு அவருக்குச் சலவைச் சட்டை எடுக்க அலமாரியைத் திறந்தவள், எப்போதும் முணுமுணுக்கும் ஒன்றை அன்றும் முணுமுணுத்தாள். பையோரத்தில் அவளே ஊசிபிடித்துத் தைத்த பழைய காக்கிச் சட்டை ஒன்று இரண்டு வருடமாகக் காணவில்லையாம். துணி இன்னும் கெட்டியாகத்தான் இருந்ததாம். கழுதைகூடத் தின்னாத அந்தச் சட்டையை எவன் எடுத்துப் போயிருப்பான்?

விஜயதசமியன்று விடியற்காலையில் வண்டியில் வாழைக்கன்றுகள் கட்டியிருந்தபடியே இருந்தன. முன்கண்ணாடியின் மேற்புறம் சந்தனமும் குங்குமமும். முந்திய நாள் உடைத்த பூசணியின் விதை ஒன்று சக்கரத்தில் ஒட்டியிருந்தது. கிளியம்மாள் மூன்றடுக்குத் தூக்கு ஒன்றைக் கொண்டுவந்து இருக்கையின் அருகில் வைத்தாள். கீழடுக்கில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, நடுவில் புளிச்சோறு, மேலே வேர்க்கடலைத் துவையல். இரண்டு பேர் தின்னும் அளவு.

மண்ணூரில் பதினோரு பேர் ஏறினார்கள். வல்லம் வழியில் பதினைந்து பேர். எல்லோர் கையிலும் பெரிய பெரிய மூட்டைகள். மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதில்லை. வேஷத்துக்குரிய எதையும் கடையில் வாங்கக்கூடாது, கம்பெனி குப்பையென்று கழித்ததில்தான் செய்யவேண்டும் என்பது அவர்களிடையே கட்டுப்பாடு. ஒரகடம் மேம்பாலத்தின் அடியில் மீதிப் பேர் காத்திருந்தார்கள். கடைசியாக, பின்வாசல் வழியே ஸ்ரீதர் ஏறினான். மேலே இருந்த நீளக்கண்ணாடியில் கோதண்டம் பார்த்தார். மெலிந்திருந்தான். கடைசி வரிசையில் சன்னலோரம் அமர்ந்து, வெளியே பார்க்கத் தொடங்கினான். அவர் கியரை மாற்றினார்.

இயந்திரத்தின் மூடிமேல் துண்டை விரித்து மகாராஜா என்பவன் உட்கார்ந்துகொண்டான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். லாரித் தொழிற்சாலையில் வண்ணம் பூசும் பிரிவில் வேலை. வந்து ஐந்தாண்டாகியும் ஊர்ப்பேச்சு மாறவில்லை.

"அண்ணாச்சி, வண்டிக்கு வச்சிருக்க பொட்டு ரொம்ப எடுப்பா இருக்கு. நம்ம அப்பாவு அண்ணன் வைக்கப்போற பொட்டு இதுல பாதிகூட வராது, பாத்துக்கிடுங்க."

அப்பாவு வெல்டர். அறுபதை நெருங்குபவர். முதல் வேனில் வந்த ஒன்பது பேரில் ஒருவர். இரண்டாம் வரிசையிலிருந்து அவர் பதில் கொடுத்தார்.

"டேய் அல்வா, நீ போன வருஷம் தேவதன்னு இறக்கை கட்னு வந்து, காத்தடிச்சி மீன்காரம்மா கூடையில வுயுந்த கதைய நான் எடுத்து வுடட்டுமா?"

வண்டியே சிரித்தது. கண்ணாடியில் பார்த்தபோது கடைசி வரிசையும் சிரித்துக்கொண்டிருந்தது. கோதண்டம் பார்ப்பது தெரிந்ததும் அந்த முகம் மறுபடி சன்னல் பக்கம் திரும்பிற்று.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மகாராஜாவிடம் அவர் தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டார். "ஏம்பா, இந்த வேஷம் கட்றது, இது எப்புடி ஆரம்பிச்சிது? யாரு ஆரம்பிச்சா?"

மகாராஜா அவரை ஒருகணம் உற்றுப் பார்த்தான். கேலிசெய்கிறாரோ என்று ஐயுற்றவன்போல் இருந்தது.

"நீங்களா கேக்கிய? சரிதான்," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே எழுந்து பின்னால் போய்விட்டான்.

அந்தச் சிரிப்பு கோதண்டத்தின் காதில் கடற்கரை வரையில் ஒலித்தது.

குப்பத்துக்கு வடக்கே சவுக்குத்தோப்பு. வண்டி அதன் ஓரம் வரையில்தான் போகும். அதற்கப்பால் மணல். ஒவ்வோர் ஆண்டும் கோதண்டம் அங்கே நிறுத்திப் பின்னிருக்கையில் கால்நீட்டிப் படுத்துவிடுவார். மதியம் சமைத்ததும் முதல் தட்டு அவரைத் தேடி வரும். அவருக்குக் கொடுக்காமல் வேறு ஒருவரும் கைநனைப்பதில்லை. ஓட்டுநருக்குத் தரும் மரியாதை என்று அவர் எண்ணியிருந்தார். இறங்கி வாருங்கள் என்று பலமுறை அழைத்ததுண்டு. மணல் காலைச் சுடும் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிடுவார்.

அன்று அவருக்குப் படுக்கமுடியவில்லை. சன்னல் வழியே பார்த்தார். தோப்புக்குள் போன மூட்டைகள் ஒவ்வொன்றாய் உருமாறி வெளியே வந்தன. ஒருவர் கழித்துப்போட்ட கியர் வளையங்களைக் கோத்து ஒட்டியாணமாகக் கட்டியிருந்தார். நடக்கும்போது கோயில் தேர்போல் கலகலத்தது. பெயின்ட் டப்பாவின் மூடிகளைச் செதிள் செதிளாக ஒட்டி மீனாகியிருந்தான் ஒருவன். குப்பத்துப் பெண்கள் அவனைச் சூழ்ந்து, இது என்ன மீன், என்ன விலை என்று கேட்டு அடித்த கூத்தில் அவன் வெட்கப்பட்டுக் கடலுக்குள்ளேயே இறங்கிவிட்டான். அப்பாவு மட்டும் புடவை. எல்லா ஆண்டும் அவருக்குப் புடவைதான். அதே அரக்குநிறப் புடவை. அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை.

ஸ்ரீதரை மட்டும் காணவில்லை. தூக்கு இருக்கையருகில் வைத்தபடியே இருந்தது.

மகாராஜா தட்டோடு வந்தான். தலையில் அட்டையில் செய்த காவலர் தொப்பி. கக்கத்தில் அட்டை லத்தி. தட்டில் சங்கரா மீன் குழம்பும் சோறும்.

"அண்ணாச்சி, முத தட்டு. இந்த வருசமாவது எறங்கி வாங்களேன். லூர்து அண்ணன் கத சொல்ல ஆரம்பிக்கப் போறாவ. நீங்க வண்டியில கேட்டதுக்குப் பதிலு அங்கதான் இருக்கு."

கோதண்டம் தட்டை வாங்கி இருக்கையில் வைத்தார். தூக்கைக் கையில் எடுத்தார். சற்று யோசித்து, இருக்கையின் கீழிருந்த துணிப்பையையும் எடுத்துக்கொண்டார். பத்தாவது பயணத்தில் முதன்முறையாக மணலில் கால்வைத்தார். சொன்னபடியே அது சுடத்தான் செய்தது.

கரையில் நாற்பது பேர் அரைவட்டமாக அமர்ந்திருக்க, நடுவில் லூர்துராஜ் நின்றிருந்தார். கோதண்டம் கடைசிச் சவுக்குமரத்தின் பின்னால் நின்றுகொண்டார். புதிதாக வந்தவர்களுக்காகக் கதை தொடங்கியிருந்தது.

முதல் வருடம் வேஷமென்ற பேச்சே இல்லையாம். கம்பெனிகளில் வேலைபார்த்து, ஒருவரையொருவர் தற்செயலாக அடையாளம் கண்டுகொண்ட ஒன்பது பேர், ஒருநாளாவது கடலில் குளித்துவிட்டு வருவோம் என்று புறப்பட்டார்களாம். அப்பாவு ஒருவர்தான், ஊரைத் தாண்டியதும் வேனுக்குள்ளேயே புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டார். வழியில் ஒரு வயதான ஏட்டு நிறுத்தி உள்ளே எட்டிப்பார்த்தார். எட்டுச் சட்டை, ஒரு புடவை. எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னார். அந்தக் காலத்தில் அப்படி இறங்கினால் என்ன ஆகும் என்பது ஒன்பது பேருக்கும் தெரியும். கம்பெனிக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும், அதன்பின் ஒன்றுமில்லை. சட்டமே அவர்களுக்கு எதிராக இருந்த காலம். அப்பாவு அழுதுவிட்டாராம். அப்போது வேன் ஓட்டுநர் இறங்கிப் போய், இவர்கள் கூத்துக்காரர்கள், அம்மன் கோயிலுக்கு ஆடப்போகிறார்கள் என்று துணிந்து ஒரு பொய் சொன்னார். ஏட்டுக்குப் பாதி நம்பிக்கை. கூத்துக்காரர் என்றால் மற்றவர்களுக்கு வேஷம் எங்கே, சாயங்காலம் திரும்பி வரும்போது பார்க்கிறேன், அப்போதும் இப்படியே இருந்தால் ஸ்டேஷனுக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார்.

"கடலாவது குளியலாவது," என்றார் லூர்துராஜ். "வண்டில கேன்டீனுக்குத் திருப்பிக் குடுக்கவேண்டிய முட்ட அட்டைங்க கெடந்துச்சி. சாக்லெட்டு வெள்ளித்தாளு கெடந்துச்சி. குப்பத்துல மஞ்சாத்தூளும் கண்மையும் கேட்டு வாங்கினோம். பகலெல்லாம் குந்திக்கினு ஒம்போது பேரும் கிரீடம் செஞ்சோம். அர்ச்சுனன் யாரு, பீமன் யாருன்னு சண்ட வேற. சாயங்காலம் திரும்பினா, அந்த ஏட்டு டூட்டி முடிஞ்சி வூட்டுக்குப் பூட்டாரு. வேற ஒரு போலீஸு டீ குடிச்சினு இருந்தாரு. எங்களத் திரும்பிக்கூடப் பாக்கல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் அன்று முகத்தில் வேஷத்தோடு திரும்பிய ஒன்றரை மணி நேரம், தம் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவருக்கும் பயப்படாமல் இருந்த நேரம் என்று அவர் சொன்னார். அதனால்தான் மறு ஆண்டு, ஒரு காவலரும் கேளாமலே, எல்லோரும் முட்டை அட்டையோடு வந்தார்கள். தீர்ப்பு வந்து சட்டம் மாறிய ஆண்டில் வண்டியில் நிற்க இடமில்லை. இனி வேஷம் வேண்டாமே என்று அந்த ஆண்டு ஒருவர் கேட்டபோது, பயத்துக்காகக் கட்டியதை இப்போது சந்தோஷத்துக்காகக் கட்டுவோம் என்று அப்பாவுதான் சொன்னாராம்.

கோதண்டம் மரத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த ஏட்டின் முகம், பிதுங்கிய தொந்தி, வண்டிச் சாவியைப் பிடுங்க நீண்ட கை எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன. கூத்துக்காரர் என்று தாம் சொன்ன பொய்யும் வந்தது. மாலையில் கிரீடங்களைக் கண்டு அது உண்மையென்று தாமே நம்பியதை எண்ணி அவருக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் அதற்கப்பால் என்ன சொன்னார்? சாவியை ஏட்டு திருப்பிக் கொடுக்கும்படி என்ன சொன்னார்? அதுதான் வரவில்லை.

"அந்த டிரைவரு சொன்ன வார்த்தைய இப்ப பசங்க நடிச்சிக் காட்டுவாங்க. வருஷா வருஷம் அதக் கேட்டுட்டுத்தான் மத்ததெல்லாம்," என்று லூர்துராஜ் விலகி நின்றார்.

தோப்பிலிருந்து ஓட்டுநர் வந்தான். தோளில் துண்டு. கையில் கழித்த இரும்பு வளையம் ஒன்று, ஸ்டியரிங்காக. காக்கிச் சட்டை தொளதொளவென்று தொங்கிற்று. இடக்கையால் ஊன்றி, வலக்கையால் வட்டம் வட்டமாக, இல்லாத கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்தான். ஒவ்வொரு வட்டத்துக்கும் தலையைச் சாய்த்துப் பார்த்தான். கரை முழுவதும் கைதட்டிற்று. மீசை மட்டும் கோதண்டத்தின் மீசைபோல் நரைக்காமல், கண்மையால் கறுப்பாக வரைந்திருந்தது.

சட்டைப்பையின் ஓரத்தில் கறுப்பு நூலால் தைத்த கிளியம்மாளின் தையலை அந்தத் தொலைவிலும் கோதண்டம் அடையாளம் கண்டார்.

இரண்டு ஆண்டுகளாக. சட்டை காணாமற்போனதும் இரண்டு ஆண்டுகளாகத்தான். ஆடியில் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்பே, இந்தக் கரையில் அவர் மகன் அவராக நின்றிருக்கிறான்.

அட்டை லத்தியைச் சுழற்றிக்கொண்டு மகாராஜா வந்தான். தொந்திக்கு ஒரு தலையணை.

"எலேய், வண்டிய நிப்பாட்டு. உள்ள ஆரு இவனுவ? ஒருத்தன் சேல கட்டிருக்கான், ஒருத்தன் முழிக்கான். ஆருவே இவங்கல்லாம்?"

ஸ்ரீதர் பதில் சொல்ல வாய் திறந்தான். கண் சவுக்குமரத்தின் பக்கம் போயிற்று. மரத்தின் பின்னாலிருந்து ஒரு மூன்றடுக்குத் தூக்கு தெரிந்தது. அதைப் பிடித்திருந்த கை தெரிந்தது. அவன் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"ஆருன்னு கேக்கேன்ல?" என்றான் மகாராஜா இரண்டாம் முறை. நாடகத்தில் இல்லாத மௌனம் அவனையும் தடுமாறச் செய்தது.

கடலலை ஒன்று வந்து திரும்பிற்று. அப்போது புடவை கட்டிய அப்பாவு உட்கார்ந்தபடியே அந்த வார்த்தையைத் தொடங்கினார். பக்கத்திலிருந்தவர் சேர்ந்தார். பிறகு, கிரீடமும் செதிளும் ஒட்டியாணமுமாக நாற்பது குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

"எல்லாம் நம்ம புள்ளைங்க சார். நான் பொறுப்பு."

கோதண்டத்துக்கு நினைவு வந்துவிட்டது. ஆம், அதைத்தான் சொன்னார். பெயர்கூடத் தெரியாத ஒன்பது பேரைக் காட்டி, யோசியாமல், ஒரு விநாடியில் சொன்னார்.

மகாராஜா மரத்தடியை அப்போதுதான் கவனித்தான். அவன் புத்திசாலி. லத்தியைத் திருப்பி ஓட்டுநர் வேஷத்தின் மார்பில் வைத்தான். நாடகத்தில் இல்லாத கேள்வியை உரக்கக் கேட்டான்.

"அவங்களுக்கு நீரு பொறுப்பு. சரி. உமக்கு ஆரு பொறுப்பு?"

சுடுமணலில் கோதண்டம் நடந்து வந்தார். ஒருபுறம் தூக்கு, மறுபுறம் துணிப்பை. அரைவட்டத்தின் நடுவே வந்து நின்று, அட்டைத் தொப்பியைப் பார்த்துத்தான் பேசினார். மகனைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வலுவில்லை.

"அவன் என் புள்ள சார். பேரு ஸ்ரீதரு. அவனுக்கும் நான்தான் பொறுப்பு. யாரு கேட்டாலும், எங்க கேட்டாலும் சொல்லுவேன்," என்றார்.

கைதட்டவேண்டுமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. லூர்துராஜ் கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். ஸ்ரீதர் இரும்பு வளையத்தைப் பிடித்தபடியே நின்றான். கண்மை மீசை வியர்வையிலோ வேறெதிலோ கரைந்து உதட்டோரம் ஒழுகத் தொடங்கியிருந்தது.

கோதண்டம் தூக்கை மணலில் வைத்துவிட்டுத் துணிப்பைக்குள் கைவிட்டுத் துழாவினார். சலங்கை குலுங்கிற்று. வயர்ப்பீலி எட்டிப்பார்த்தது. கடைசியில் நரைமீசையை வெளியே எடுத்தார்.

"மீசய கறுப்பா வரைஞ்சிகினு இன்னா டிரைவரு நீ? இந்தா. வண்டியப் பெருக்கச்சொல்ல கெடச்சிது."

"இது உங்கிட்டயா கீது, நைனா? மகாராஜா மூட்டையில போட்டு ஒன் வண்டில அனுப்பினேன். எங்கெங்கியோ தேடினேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"நீ கேட்டிருந்தா நானும்தான் சொல்லியிருப்பேன்," என்றான். மீசையை வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பின் துணிப்பை கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொரு துண்டையும் உரியவர் கண்டுபிடித்தார். முட்டை அட்டை, லூர்துராஜ் கட்டிய அர்ச்சுனனுடையது. சலங்கை, ஊருக்குத் திரும்பி மணம்செய்துகொண்டு பிறகு வராமலே போன ஒருவனுடையது. அதை மட்டும் அப்பாவு தம் முந்தானையில் முடிந்துகொண்டார். கோதண்டம் மணலில் சப்பணமிட்டு அமர்ந்து, இது எந்த வருடம், அது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேயிருந்தார். பத்தாண்டுகளாக அடக்கிவைத்த கேள்விகள். அவர்களும் சளைக்காமல் சொன்னார்கள். பக்கத்தில் அமர்ந்து ஸ்ரீதர் தூக்கைத் திறந்தான். அடையைப் பிட்டு, துவையலைத் தொட்டுத் தின்றான். இரண்டாவது அடையைப் பாதியாகப் பிட்டு அவர் கையில் வைத்தான்.

மாலையில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மேம்பாலத்தடியில் வண்டி நின்றது. மூட்டைகளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஆட்கள் இறங்கி ஓடினார்கள். ஸ்ரீதர் இறங்கவில்லை. இயந்திரத்தின் மூடிமேல், மகாராஜா காலையில் அமர்ந்த இடத்தில் அமர்ந்திருந்தான். கோதண்டம் கதவை மூடி, வல்லக்கோட்டைச் சாலையில் வண்டியைத் திருப்பினார்.

வண்டியின் சத்தம் கேட்டுக் கிளியம்மாள் முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முதலில் கோதண்டம் இறங்கினார். அவருக்குப் பின்னால், கழுவியும் முழுதும் போகாத கண்மையோடு, தொளதொளத்த காக்கிச் சட்டையில் இன்னொருவன் இறங்கினான். அவள் மகனின் முகத்தைப் பார்த்தாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைநீட்டிச் சட்டைப்பையின் தையலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தத்தான்யா ரெண்டு வருஷமாத் தேடினு கீறேன்," என்றாள். "மழையில நிக்காத, உள்ள வா. கழட்டிக் குடு, நனைய வச்சித் தோச்சிப் போடறேன். அடுத்த வருஷத்துக்கு வேணுமில்ல?"